சமய வகுப்பை முடித்தால் தண்டனை நாள் குறையும், எழுத்தறிவு வகுப்பை முடித்தால் குறையாது: இது முறையா?

கேட்டவர்: எழுத்தறிவுத் தன்னார்வலர்

நண்பர்களுக்கு வணக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத சிறைவாசிகளுக்கு ஒரு சிறையில் 4 ஆண்டுகளாக வகுப்பு எடுத்து வருகிறேன். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். சென்ற ஆண்டின் இறுதி வரை என் வகுப்பில் 14 பேர் இருந்தார்கள். இப்போது 5 பேர் இருக்கிறார்கள். மற்ற 9 பேரும் விடுதலை ஆகவில்லை, வேறு சிறைக்கும் மாற்றப்படவில்லை. அதே நேரத்தில் அடுத்த கட்டடத்தில் நடக்கும் ஆறு மாதச் சமய வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். அந்த வகுப்பை முடிப்பவருக்கு ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. முன்விடுதலையை ஆராயும் குழுவின் முன் வைக்கப்படும் கோப்பில் அது சேர்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அதன் பேரில் தண்டனை நாட்கள் கழிக்கப்படுகின்றன. என் வகுப்புக்கு அப்படி எதுவும் இல்லை.

போனவர்களில் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “ஐயா, உங்களிடம் வந்தால் எழுத்து வரும், அங்கே போனால் நாள் குறையும்” என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் அவர் கடவுள் நம்பிக்கை சிறிதும் இல்லாதவர் என்பதை மூன்று ஆண்டுப் பழக்கத்தில் நான் அறிவேன். இப்போது அவர் காலைதோறும் அடுத்த அறைக்குக் கேட்கும்படி பிரார்த்தனை செய்கிறாராம்.

நான் இறைநம்பிக்கை உள்ளவன்; சமய வகுப்பை நிறுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கலாமா என்று சிறை நிர்வாகம் தன்னார்வலர்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டிருக்கிறது. பதில் எழுதுவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது? சமய வகுப்பை முடித்தவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? ஒருவருடைய வழிபாட்டை அரசு நாட்கணக்கில் மதிப்பிடுவது சரிதானா?

பதில் 1: சட்டம் பயின்றவர்

நீங்கள் சொல்லும் ஏற்பாடு புதிதன்று. ஆனால் அது நாட்டுக்கு நாடு வேறு வடிவம் கொள்கிறது. அந்த வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சமயக் கல்விக்கே நேரடியாக வெகுமதி தரும் நாடுகள் உண்டு. பாகிஸ்தானின் 1978ஆம் ஆண்டுச் சிறை விதிகளின்படி குர்ஆனை மனப்பாடம் செய்யும் முஸ்லிம் சிறைவாசிக்குச் சிறப்புத் தண்டனைக் குறைப்பு கிடைக்கும். துபாயில் எத்தனை பாகங்களை மனனம் செய்தார் என்பதைப் பொறுத்துக் கழிக்கப்படும் காலமும் கூடுகிறது. இத்தகைய விதி ஒரு சமயத்துக்கு மட்டும் இருக்கும்போது மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பாகிஸ்தானில் கிறிஸ்தவச் சிறைவாசிகளுக்கும் அவர்களுடைய வேதக் கல்விக்காக அதே சலுகை வேண்டும் என்று கோரி உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. இருந்தாலும் அதை ஏற்ற பிறகும் எந்தச் சமயத்தையும் சாராதவர் வெளியேதான் நிற்பார் என்பதைக் கவனியுங்கள்.

இந்தோனேசியா வேறு வழியில் செல்கிறது. அங்கே சிறைவாசி எதையும் கற்று முடிக்க வேண்டியதில்லை. நன்னடத்தை உள்ள முஸ்லிமுக்கு நோன்புப் பெருநாள், கிறிஸ்தவருக்குக் கிறிஸ்துமஸ், இந்துவுக்கு நியெப்பி, பௌத்தருக்கு வைசாகம் என அவரவர் பண்டிகையில், சிறையில் கழித்த காலத்தைப் பொறுத்து 15 நாள் முதல் 2 மாதம் வரை கழிக்கப்படுகிறது. இங்கே பண்டிகை ஒரு தேதி மட்டுமே, அளக்கப்படுவது நடத்தை.

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் சட்டமான ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டம் மூன்றாவது வழி. கூட்டாட்சிச் சிறைகளில் அங்கீகரிக்கப்பட்ட சீர்திருத்த நிகழ்ச்சிகளில் 30 நாள் பங்கேற்பவருக்கு 10 நாள் வரவு வைக்கப்படுகிறது. மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் குறைவு என்று தொடர்ந்து மதிப்பிடப்பட்டவருக்குக் கூடுதலாக 5 நாள் உண்டு. அந்த நாட்களைக் கொண்டு அவர் முன்கூட்டியே வீட்டுக் காவலுக்கோ கண்காணிப்பின் கீழான விடுதலைக்கோ மாறலாம். சமயம் சார்ந்த வகுப்புகளும் அந்தச் சட்டத்தில் நிகழ்ச்சிகளாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. ஆனால் தொழிற்பயிற்சி, கல்வி, போதை மீட்புச் சிகிச்சை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில், ஒரே கணக்கில். அந்தச் சட்டம் விலக்காகக் குறிப்பிட்ட சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இந்த வரவு கிடையாது என்பது தனிச் செய்தி.

அதே நாட்டில் சமய வகுப்பு நீதிமன்றத்தில் தோற்ற வழக்கும் உண்டு. அயோவா மாநிலத்தின் நியூட்டன் சிறையில் 1999இல் தொடங்கிய ‘இன்னர்சேஞ்ச்’ என்ற கிறிஸ்தவத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வசதியான தங்குமிடம் கிடைத்தது. பரோலுக்குத் தேவையான வகுப்புகளை மற்றவர்களைவிட விரைவில் முடிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. 2006இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2007 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவின் மையத்தை உறுதி செய்தது. அந்த அமர்வில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற சாண்ட்ரா டே ஓ’கானரும் இருந்தார். சிறைவாசிகள் தாமாக விரும்பித்தானே சேர்ந்தார்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசின் பணம் செல்லக்கூடிய இடம் அந்த ஒரே திட்டமாக இருக்கும்போது, வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லாத இடத்தில், ‘விருப்பம்’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்பதே அதன் சாரம்.

உங்கள் மாணவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். அவர் சட்டம் படிக்காமலே சொல்லிவிட்டார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். ஹவாயில் பரோலில் இருந்த பௌத்தர் ஒருவர், இறைசக்தியிடம் தம்மை ஒப்படைக்கச் சொல்லும் போதை மீட்புக் கூட்டங்களுக்கு வர மறுத்தார். அதனால் அவருடைய பரோல் ரத்தானது. 2007இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சமயச் சார்புள்ள கூட்டத்துக்கு வராவிட்டால் சிறை என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடாது என்பது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் என்றது. வராதவரைத் தண்டிப்பதற்கும் வந்தவருக்குச் சலுகை தருவதற்கும் வேறுபாடு உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். வெளியே இருப்பவருக்கு அந்த வேறுபாடு இருக்கலாம். உள்ளே நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, கிடைக்காமல் போகும் ஒரு மாதமும் கூடுதலாக அனுபவிக்கும் ஒரு மாதமும் ஒன்றுதான்.

பதில் 2: புள்ளியியல் ஆசிரியர்

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் சுட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்படும். எண்களை எப்படிப் படிக்கக் கூடாது என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணமும் அதுவே.

மேலே குறிப்பிடப்பட்ட அதே ‘இன்னர்சேஞ்ச்’ திட்டம் முதலில் 1997இல் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கியது. அதன் முதல் அணிகளைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளியானது. திட்டத்தை முழுமையாக முடித்தவர்களில் விடுதலையான இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறைக்குத் திரும்பியவர்கள் 8 விழுக்காடு. திட்டத்தில் சேராத, ஒத்த பின்னணி கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களும்தான் மேடைகளில் பேசப்பட்டன. கேட்பவர் எவரும் வியக்கத்தான் செய்வார்.

ஆனால் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 177 பேர். முழுமையாக முடித்தவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் 75 பேர் மட்டுமே. அந்த 75 பேரில் திரும்பி வந்தவர்கள் 6 பேர். மீதி 102 பேரில் திரும்பியவர்கள் 37 பேர். அதாவது 36 விழுக்காடு. சேர்ந்த 177 பேரையும் ஒன்றாக எண்ணினால் 43 பேர், 24 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவைவிட இது குறைவன்று, சற்றே கூடுதல்.

அப்படியானால் அந்த 8 விழுக்காடு எங்கிருந்து வந்தது? ‘முடித்தவர்’ என்று பெயர் பெறுவதற்குச் சிறைக்குள் வகுப்புகளை முடித்தால் மட்டும் போதாது. வெளியே வந்த பின் தொடர் பயிற்சியில் இருந்து, ஒரு வேலையிலும் தேவாலயத்திலும் குறிப்பிட்ட காலம் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேலை கிடைத்து அதில் நிலைத்தவர் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு என்பதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. தேறியவர்களை மட்டும் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, எங்கள் பள்ளியில் தோற்றவரே இல்லை என்று சொல்வது போன்றது இது. இந்தக் குறையை மார்க் கிளைமன் என்ற குற்றவியல் கொள்கை அறிஞர் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முடிக்காதவர்கள் என்று எண்ணப்பட்ட 102 பேரில் 51 பேர் வகுப்பு முடியும் முன்பே பரோலில் விடுவிக்கப்பட்டவர்கள். ஆகவே அந்த எண்ணைக் கொண்டு திட்டம் தோற்றது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்பதே நேர்மையான வாசகம்.

உங்கள் கடிதத்துக்கு இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுவது வேறொன்று. வெகுமதி இல்லாத காலத்தில் ஒருவர் ஆறு மாதம் விடாமல் ஒரு வகுப்புக்கு வருகிறார் என்றால், அது எந்த வகுப்பாக இருந்தாலும், அவரைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது. அந்த வருகைக்கு நாட்கணக்கில் விலை வைத்த மறுநாளே அது எதையும் சொல்லாமல் போகிறது. மனம் மாறியவரும் நாளைக் குறைக்க வந்தவரும் ஒரே சான்றிதழைக் கையில் வைத்திருப்பார்கள். எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று குழு நம்பியதோ, அதையே குழு தன் சலுகையால் பயனற்றதாக்கிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: நாளைக்கு உங்கள் வகுப்புக்கும் நாள் கழிக்கப்பட்டால் இதே விதி அதற்கும் பொருந்தும். வேறுபாடு ஒன்றுதான். நாளுக்காக வந்தவரும் உங்கள் வகுப்பிலிருந்து எழுத்தைக் கற்றுக்கொண்டே போவார்.

பதில் 3: ஓய்வுபெற்ற சமய போதகர்

பல ஆண்டுகள் சிறைகளில் சமய வகுப்பு நடத்தியவன் நான். எந்தச் சமயம் என்பது இங்கே தேவையில்லை. என் வகுப்புக்குத் தண்டனைக் குறைப்பு தர ஒருமுறை நிர்வாகம் முன்வந்தபோது வேண்டாம் என்று சொன்னேன். என் சக போதகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை; கதையன்று, வரலாறு. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் ஒரு வழக்கம் இருந்தது. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவர் குருமார் வகுப்பைச் சேர்ந்தவர் என்றால் அரச நீதிமன்றத் தண்டனையிலிருந்து தப்பலாம். குரு என்பதற்கு அடையாளமாக வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரே பகுதிதான்: ஐம்பத்தோராம் சங்கீதத்தின் முதல் வசனம், இறைவனிடம் இரக்கம் வேண்டும் வசனம். எழுத்தே அறியாதவர்களும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, புத்தகத்தைப் பார்ப்பது போல் பார்த்து ஒப்பித்துக் கழுத்தைக் காத்துக்கொண்டார்கள். மக்கள் அதற்குக் ‘கழுத்து வசனம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒருவரைக் கொன்ற வழக்கில் இந்தச் சலுகையால்தான் தப்பினார். கட்டைவிரலில் சூடு மட்டும் போட்டார்கள். வாசிப்புச் சோதனையை 1706இலும் அந்தச் சலுகையையே 1827இலும் ஒழித்தார்கள்.

மனிதன் பாவத்தை உணர்ந்து கதறும் வரிகள் ஒரு நுழைவுச் சீட்டாகிவிட்டன. அந்த வசனத்துக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு எதுவும் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

என் வகுப்பில் ஒருவர் கண்ணீர் விடும்போது அது உண்மையா நடிப்பா என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நடிப்பதால் அவருக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை. சலுகை வந்துவிட்டால் நான் போதகனாக இருக்க முடியாது, தேர்வாளனாகிவிடுவேன். இவருக்குப் பக்தி தேறியது, இவருக்குத் தேறவில்லை என்று கையொப்பம் இடும் தகுதி எனக்கு இல்லை.

வெகுமதி இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்பார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள அங்கோலா சிறையைப் பார்க்கச் சொல்வேன். சிறைவாசிகளின் கல்லூரிப் படிப்புக்கான அரசு உதவித்தொகை 1994இல் நின்ற பிறகு, 1995இல் ஒரு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி அங்கே பட்டப் படிப்பைத் தொடங்கியது. படித்தவர்களில் பலர் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அந்த மாநிலத்தில் ஆயுள் என்றால் பரோல் இல்லாத ஆயுள். பட்டம் பெற்றாலும் ஒரு நாள்கூடக் குறையாது. ஆனாலும் படித்தார்கள், சக சிறைவாசிகளின் மரணப் படுக்கை அருகே அமர்ந்தார்கள், சிலர் வேறு சிறைகளுக்கும் பணி செய்யச் சென்றார்கள். அங்கேயும் வேறு கல்லூரிக்கு வழி இல்லாததால்தான் இறையியல் படித்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாளுக்காகப் படித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

பதில் 4: ஒரு சிறைவாசியின் அக்கா

மேலே எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நான் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

என் தம்பி ஏழு ஆண்டுத் தண்டனையில் இருந்தான். அவன் இருந்த இடத்தில் நூலகம் என்ற பெயரில் ஒரு பூட்டிய அலமாரி இருந்தது. தொழிற்பயிற்சிக்கு ஆள் வரவில்லை. எழுத்தறிவு ஆசிரியரைப் போன்ற ஒருவரும் வரவில்லை. வாரம் தவறாமல் வந்தவர்கள் சமய வகுப்பு நடத்தியவர்கள் மட்டுமே. அவர்கள்தான் அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள்; எங்கள் தாயார் இறந்தபோது அவனோடு உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தான். அந்த வகுப்பின் சான்றிதழால் அவன் நான்கு மாதம் முன்னதாக வந்தான். அந்த நான்கு மாதத்தில்தான் அவன் மகள் பள்ளியில் சேர்ந்தாள். கையைப் பிடித்து அழைத்துச் சென்றது அவன்.

அவன் உண்மையாக நம்பினானா என்று நான் கேட்டதில்லை. போதகர் ஐயா வேண்டாம் என்று சொன்னது அவருடைய மனசாட்சிக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அவர் மறுத்த நாட்கள் அவருடையவை அல்லவே, வகுப்பில் அமர்ந்திருந்தவர்களுடையவை அல்லவா? சலுகையை எடுத்துவிடுவது எளிது. எடுத்த பிறகு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பதாக இதுவரை யாரும் எழுதவில்லை.

பதில் 5: ஓய்வுபெற்ற சமய போதகர்

அம்மா, உங்கள் கடைசிப் பத்தியை நேற்று மூன்று முறை படித்தேன். அந்த நாட்கள் என்னுடையவை அல்ல என்பது உண்மை. வேண்டாம் என்று சொன்னபோது, அவற்றை வேறு எந்த வகையில் கொடுக்கலாம் என்று நிர்வாகத்திடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதில் 6: சட்டம் பயின்றவர்

சகோதரி கேட்டதற்கு ஒரு விடை பிரேசிலில் இருக்கிறது. முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே 2011இல் திருத்தப்பட்ட தண்டனை நிறைவேற்றச் சட்டத்தின்படி, குறைந்தது மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 12 மணி நேரக் கல்விக்கு ஒரு நாள் கழிக்கப்படுகிறது. மூன்று நாள் வேலைக்கு ஒரு நாள். இவை தவிர நூல் வாசிப்புக்கும் கழிவு உண்டு. ஒரு நூலைப் படித்துத் தம் சொற்களில் எழுதித் தந்தால் 4 நாள். ஆண்டுக்கு 12 நூல்கள் வரை, அதாவது 48 நாள் வரை. படித்தவர் எதை நம்புகிறார் என்பது அங்கே கேள்வியன்று. வாசித்தாரா என்பதுதான் கேள்வி.

சமய வகுப்பையும் இப்படி மணிக்கணக்கில் எண்ணலாம். சகோதரியின் தம்பிக்குக் கிடைத்த நாட்கள் அப்போதும் கிடைத்திருக்கும்; போதகர் ஐயாவும் எவருடைய பக்திக்கும் கையொப்பமிட வேண்டியிருக்காது, வருகைப் பதிவேட்டில் மட்டும் இட்டால் போதும். ஆனால் இந்த ஏற்பாடு நேர்மையாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. சமயம் சாராத வகுப்பு ஒன்றாவது அதே சிறையில், அதே நேர அளவில், உண்மையிலேயே நடக்க வேண்டும். பூட்டிய அலமாரியை நூலகம் என்று கணக்குக் காட்டும் இடத்தில் சமமான கணக்கு என்பதும் காகிதத்தில்தான் இருக்கும்.

கேட்டவர்: எழுத்தறிவுத் தன்னார்வலர்

எல்லோருக்கும் நன்றி. என் கடிதத்தின் முதல் வரைவில் சமய வகுப்புக்கான சலுகையை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். சகோதரியின் பதிலைப் படித்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். என் வகுப்பு காலியானதில் எனக்கிருந்த மனத்தாங்கல் அந்த வரியில் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது எழுதியிருப்பது இது. எந்த வகுப்பானாலும் வந்து அமர்ந்த மணி நேரம் மட்டும் பதிவாக வேண்டும். நம்பிக்கை, மனமாற்றம், பக்தி ஆகியவை குறித்த குறிப்புகள் முன்விடுதலைக் கோப்பில் இடம்பெறக் கூடாது. சமய வகுப்பை நடத்துபவர்களே சிறைவாசியின் தகுதியை மதிப்பிடுபவர்களாகவும் இருக்கக் கூடாது. புள்ளியியல் ஆசிரியரின் எச்சரிக்கையை ஏற்று, என் வகுப்பால் குற்றம் குறையும் என்று எங்கும் எழுதவில்லை. வந்தவர்களில் எத்தனை பேர் இப்போது தம் வீட்டுக் கடிதத்தைத் தாமே படிக்கிறார்கள் என்பதை மட்டும் இணைத்திருக்கிறேன்.

பிரேசில் கணக்கை என் வகுப்புக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 3 மணி நேரம், நான்கு வாரத்தில் 12 மணி நேரம், ஒரு நாள். ஆறு மாதம் விடாமல் வருபவருக்கு ஆறு நாளும் சில மணி நேரமும் கிடைக்கும். இதை என்னை விட்டுப் போன அந்த மாணவரிடம் சொன்னேன். சிறிது நேரம் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, “வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வர முடியுமா, ஐயா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.